மாத வருமானம் என்ற கட்டம்

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 17 வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் சீனியர் பெரும்பாலும் விபத்து வழக்குகள்தான் நடத்துவார், அதனால் என் வேலையில் பாதி நஷ்டஈட்டுக் கணக்கு போடுவது. இறந்தவர் வயது, தொழில், மாத வருமானம், அவரை நம்பி வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும், மீதி வாய்ப்பாடு மாதிரி வந்துவிடும். 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த அட்டவணை எனக்கு மனப்பாடம். வயது 21 முதல் 25 வரை என்றால், சொந்தச் செலவைக் கழித்தபிறகு வரும் ஆண்டு வருமானத்தை 18ஆல் பெருக்க வேண்டும். 26 முதல் 30 வரை 17, 31 முதல் 35 வரை 16, இப்படியே குறைந்துகொண்டு போகும்.

அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு ஒருநாள் திணறிப்போனேன். அதைத்தான் எழுத நினைத்தேன்.

சிறையில் போன வருடங்களுக்கு நஷ்டஈடு கேட்டு வந்தவருக்கு 34 வயது. 23 வயதில் ஒரு கொலை வழக்கில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை, கீழ்க்கோர்ட்டில் ஆயுள் தண்டனை, உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட்டு அது விசாரணைக்கு வரவே 6 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியில் என்ன தெரிந்தது என்றால், சம்பவ இடத்தில் இவரைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சிக்கு, பல பேரை வரிசையில் நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடத்துவதற்கு முன்பே இவருடைய போட்டோவைக் காட்டியிருக்கிறார்கள். வேறு சாட்சியம் எதுவும் இல்லை. விடுதலை. வழக்குக் கட்டை நான்தான் வாங்கிப் பிரித்தேன், தீர்ப்பு நகல் 22 பக்கம் இருந்தது.

பழக்கதோஷத்தில் விபத்து வழக்குக்கு வைத்திருக்கும் அதே தாளை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன்.

“தொழில் என்ன போடட்டும் தம்பி?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “உள்ளே தறி ஓட்டினேன் சார். அதைப் போடலாமா?”

“அதுக்கு முன்னாடி?”

“வெல்டிங் பட்டறையில ஹெல்பர்.”

“மாத வருமானம்?”

“வாரக் கூலி சார். வேலை இருந்தா குடுப்பாங்க.”

ரசீது, சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு எதுவும் கிடையாது. இந்த மாதிரி நேரத்தில் விபத்து வழக்கில் ஒரு உத்தேச வருமானம் போடுவோம், இவருக்கும் அப்படியே போட்டேன். 9 வருடம் 4 மாதத்துக்குப் பெருக்கி, கூட்டி, கீழே கோடு போட்டு வந்த தொகையைப் பார்த்தபோது எனக்குக் கை ஓடவில்லை. சீனியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, “ஒரு டாக்டரை இதே மாதிரி தப்பாப் பிடிச்சு உள்ளே வச்சிருந்தா இந்தத் தாள்ல எவ்வளவு வரும்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவன்தான், இன்னும் வெளியே வரவில்லை. விபத்தில் செத்தவர் விஷயத்தில் வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அங்கே குடும்பத்துக்கு வராமல் போன பணத்தைத்தான் பெரும்பாலும் ஈடுகட்டுகிறோம். சிறையில் வைத்தவரிடமிருந்து பறித்தது சம்பளத்தை மட்டுமா? மாலையில் பூட்டப்படும் கொட்டடி டாக்டருக்கும் அதே நேரத்தில்தான் பூட்டப்படுகிறது, ஹெல்பருக்கும் அதே நேரத்தில்தான். அந்த இரவுக்கு இரண்டு விலை இருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சம்பள இழப்பு தாளில் தனி வரியாக இருக்கட்டும். அதற்கு மேலே, யாராக இருந்தாலும் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே தொகை வர வேண்டும்.

சில நாடுகளில் இதைச் செய்திருக்கிறார்கள். ஜப்பானில் தப்பாக அடைத்து வைத்த ஒவ்வொரு நாளுக்கும் 1,000 முதல் 12,500 யென் வரை என்று சட்டமே இருக்கிறது. இவாவோ ஹகமடா 1966இல் கைதானவர், மரண தண்டனைக் கைதியாகப் பல பத்தாண்டுகள் இருந்துவிட்டு 2024இல்தான் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது, அடுத்த வருடம் நாளொன்றுக்கு உச்சபட்ச வீதத்தில் கணக்குப் போட்டு 21.7 கோடி யென்னுக்கு மேல் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 2004இல் வந்த மத்திய சட்டப்படி வருடத்துக்கு 50,000 டாலர், மரண தண்டனைக்காகக் காத்திருந்த வருடம் என்றால் 1,00,000 டாலர். டெக்சாஸ் மாநிலம் 2009 முதல் வருடத்துக்கு 80,000 டாலர் கொடுத்து, அதற்கு மேல் ஆயுள் முழுக்க வருகிற மாதிரி ஒரு தொகையும், படிப்புச் செலவும் தருகிறது. அந்தச் சட்டத்துக்கு டிம் கோல் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள், அவர் 1999இல் சிறையிலேயே இறந்துபோனார், நிரபராதி என்று அறிவித்தது 2009இல்.

நம் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இல்லை. காரணமில்லாமல் கைது செய்ய வைத்தால் நஷ்டஈடு என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 358ஆவது பிரிவு ஒன்று இருந்தது, அதிகபட்சம் 1,000 ரூபாய். சட்டத்தை மாற்றி 2024 ஜூலையில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பிரிவு எண் 399 ஆனது, 1,000 ரூபாய் அப்படியே 1,000 ரூபாயாக இருக்கிறது. சர்வதேச குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தபோதே, சட்டவிரோதக் கைதுக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமையைப் பற்றிய பகுதிக்கு ஒரு விலக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. 2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில், தவறான வழக்குகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தரச் சட்டத்தைத் திருத்த வேண்டும், இதை விசாரிக்கத் தனி நீதிமன்றங்கள் வேண்டும், பணத்தோடு மறுவாழ்வு உதவியும் தர வேண்டும் என்று விரிவாகச் சொன்னது. அறிக்கை அச்சாகி இருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கோர்ட்டில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். ருதுல் சா 1968இல் விடுதலையான பிறகும் பீகாரில் 1982 வரை, 14 வருடம், சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். 1983இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு மொத்தம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது, அடிப்படை உரிமைக்காகப் போடும் ரிட் மனுவிலேயே இப்படிப் பணம் கொடுக்க உத்தரவிடலாம் என்ற வழி அந்தத் தீர்ப்பில்தான் திறந்தது. இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் பொய்யான உளவு வழக்கில் 50 நாள் சிறையில் இருந்தார், 24 வருடம் போராடிய பிறகு 2018இல் 50 லட்சம் கிடைத்தது. அவர் பட்ட அவமானத்துக்கு அது அதிகம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் 2014இல் விடுவிக்கப்பட்ட 6 பேரில் 3 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது, அவர்கள் நஷ்டஈடு கேட்டபோது 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு அளவுகோல் இல்லாத இடத்தில் இப்படித்தான் நடக்கும், யாருக்கு எவ்வளவு என்பது அவர் யார், எந்த நீதிபதி முன்னால் நிற்கிறார், எத்தனை வருடம் தாக்குப்பிடித்தார் என்பதில் போய் நிற்கும்.

இன்னொரு வழி சிவில் வழக்கு. நம்மிடம் வந்தவருக்கு அது ஏன் இல்லாமல் போனது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. கெட்ட எண்ணத்தோடு வழக்குப் போட்டதற்காக நஷ்டஈடு கேட்பதென்றால், விடுதலையான நாளிலிருந்து 1 வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும், காலவரையறைச் சட்டம் அப்படி. இவர் எங்களிடம் வந்தது 14ஆவது மாதம். “ஏன் தம்பி முன்னாடியே வரல?” என்று நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. வெளியே வந்த முதல் சில மாதம் அக்கா வீட்டில் ஒரு மூலையில் படுத்தே கிடந்தாராம். அப்புறம் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக அலைச்சல். வேலைக்குப் போன இடத்தில் இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்டபோது பொய் சொல்ல வராமல் திரும்பிவிட்டாராம். 1 வருடம் அதிலேயே போய்விட்டது. சட்டம் கொடுத்த அதே 1 வருடம்!

காலக்கெடுவுக்குள் வந்திருந்தாலும் லேசில்லை. அரசுத் தரப்புக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று இவர் நிரூபிக்க வேண்டும். கேட்கும் தொகைக்குத் தக்கபடி கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும், கட்ட முடியாது என்றால் வறியவர் என்று தனியாக மனுப் போட்டு அதை நிரூபிக்க வேண்டும். நிரபராதி என்று 9 வருடம் கழித்துக் கோர்ட் சொன்னவரிடம், இன்னும் எத்தனையைத்தான் நிரூபிக்கச் சொல்வது? இங்கிலாந்து, வேல்ஸில் 2014 முதல், தான் குற்றம் செய்யவில்லை என்பது நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தால்தான் நஷ்டஈடு என்று ஆக்கிவிட்டார்கள். அதோடு, சிறையில் போட்ட சாப்பாட்டுக்கும் படுக்க இடம் கொடுத்ததற்கும் நஷ்டஈட்டில் ஒரு பங்கைக் கழிக்கும் வழக்கம் வேறு அங்கே இருந்தது. 17 வருடம் தவறாகச் சிறையில் இருந்த ஆண்ட்ரூ மால்கின்சன், 2023இல் தண்டனைத் தீர்ப்பு ரத்தாகி, அதைப் பற்றிப் பேசிய பிறகுதான் அந்தக் கழிவை நிறுத்தினார்கள்.

“சந்தேகத்தின் பலனை அளித்து” என்ற வரியைப் பற்றியும் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் தீர்ப்புகளில் விடுதலை என்றாலே இந்த வரி கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது, இவருடைய தீர்ப்பின் கடைசிப் பக்கத்திலும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, இவர் முழு நிரபராதி இல்லையே என்று எதிர்த்தரப்பில் பேசுவார்கள். விடுதலையான எல்லோருக்கும் பணம் கொடுத்துவிட முடியுமா என்ற கேள்வி நியாயமானது, ஜாமீனில் வெளியே இருந்து வழக்கு நடத்தியவரையும் இவரையும் ஒன்றாக நான் வைக்கவில்லை. ஆனால் அப்பீலில் சாட்சியமே நிற்காமல் போய், அதற்குள் ஒருவர் பல வருடத்தை உள்ளே கழித்திருந்தால், தப்பு செய்த அதிகாரி யார், அவர் மனதில் என்ன இருந்தது என்பதையெல்லாம் தனியாக விசாரித்துக்கொள்ளட்டும். அதுவரை இவர் ஏன் காத்திருக்க வேண்டும்? நாட்களை எடுத்துக்கொண்டது அரசு.

இதைவிட அவசரமானது விடுதலையாகும் அன்றைக்கு என்ன கிடைக்கிறது என்பது. அமெரிக்காவில் லூசியானாவில் க்ளென் ஃபோர்டு ஏறத்தாழ 30 வருடம் மரண தண்டனைக் கைதியாக இருந்துவிட்டு 2014இல் வெளியே வந்தபோது அவர் கையில் கொடுத்தது 20 டாலர். நஷ்டஈட்டு மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள், அடுத்த வருடமே புற்றுநோயில் இறந்துபோனார். தொகை எவ்வளவு என்று வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கலாம், முதல் 6 மாத வாடகையும் மருத்துவமும் அடையாள அட்டையும் சிறை வாசலிலேயே கிடைக்க வேண்டும்.

இரண்டாவது முறை வந்தபோது அவருடைய அக்காவும் வந்திருந்தார். ஒரு துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். அவ்வளவும் சிறையில் மனுப் போட்டுத் தம்பியைப் பார்க்கப் போன சீட்டுகள், பேருந்து டிக்கெட்டுகள், வக்கீலுக்குக் கொடுத்த பணத்தைக் குறித்து வைத்த சின்ன நோட்டு. டிக்கெட்டில் பாதி எழுத்து மங்கி வெறும் தாளாகிவிட்டது. எல்லாம் அம்மா சேர்த்து வைத்ததாம். “அம்மா செத்தப்ப எஸ்கார்ட் போலீசோட 2 மணி நேரம்தான் கூட்டிட்டு வந்தாங்கண்ணே. அது எதுல வரும்?” என்று அக்கா கேட்டார். மனவேதனை என்ற தலைப்பில் வரும் என்றேன். அவர் தாளை எட்டிப் பார்த்தார், அங்கே ஒரே ஒரு வரிதான் இருந்தது.

அன்று மாலை அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். சீனியர் ரிட் மனுதான் போடலாம் என்று முடிவு செய்தார், அதற்கான பிரமாணப் பத்திரத்தில் மாத வருமானத்தைக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டு, முதல் பத்தியிலேயே அவர் உள்ளே இருந்த மொத்த நாட்களை எழுதினேன். சிறைச் சான்றிதழை வைத்து எண்ணியதில் 3,412 நாள் வந்தது.

கையெழுத்துப் போட வந்தவர் முதல் பத்தியிலேயே நின்றுவிட்டார்.

“2 நாள் குறையுது சார்.”

“ரிமாண்ட் தேதியில இருந்து எண்ணினது தம்பி.”

“ஸ்டேஷன்ல 2 ராத்திரி வச்சிருந்துட்டு மூணாவது நாள்தானே அரெஸ்ட்னு எழுதினாங்க.”

அந்த 2 ராத்திரிக்குக் காகிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. சீனியரைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். 3,412ஐ அடித்து 3,414 என்று எழுதி, அந்த 2 நாளைப் பற்றிக் கீழே ஒரு பத்தியும் சேர்த்து, திருத்தத்துக்குப் பக்கத்தில் அவரை ஒரு கையெழுத்துப் போடச் சொன்னேன்.