வாங்குகிறவர் கூசாதபடிக்கு

பிப்ரவரி 20, வெள்ளி

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து கால வேதவாசிப்பில் இன்று ரூத்தின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமலும், சிந்திய கதிர்களைப் பொறுக்காமலும், அவற்றை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் கட்டளை. வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் அதோடு நின்றிருந்தாலும் அவனை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவனோ, கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்தை, தன் வேலைக்காரர் மொண்டுவைக்கும் தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறான். சாப்பாட்டு வேளையில் அவளை அருகே அழைத்து வறுத்த கோதுமையைக் கொடுக்கிறான். அவள் கதிர் பொறுக்க எழுந்தபோது, அவளுக்காக அறுத்துவைத்த அரிகளிலும் சிலவற்றைச் சிந்திவிடும்படியும் அவளை அதட்டாதிருக்கும்படியும் தன் ஆட்களுக்குக் கட்டளையிடுகிறான். சாயங்காலத்தில் தட்டி அடித்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை கண்டது. அது அவளே குனிந்து பொறுக்கியது. மாமியாரின் முன் வைக்கும்போது அவள் கூச வேண்டியதில்லை. கொடையை அவளுடைய உழைப்புக்குள் ஒளித்துவைத்த அந்த நுட்பத்தை நினைத்து நெடுநேரம் விழித்திருந்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் ஏழைக் குடும்பங்களுக்கு உதவிப் பொருட்கள் வழங்கப்பட்டன. ஒலிபெருக்கியில் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, அழைக்கப்பட்டவர்கள் முன்னே வந்து பையை வாங்கிக்கொண்டு, புகைப்படம் எடுத்து முடியும்வரை நின்று, தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். தாயின் பெயர் வாசிக்கப்பட்டதும், ஞாயிறு பள்ளி நண்பர்களோடு உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன் எழுந்து போய், அறிவிப்புப் பலகையில் எதையோ வாசிப்பவனைப்போல எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். பையைக் கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தர்மம் செய்யும்போது வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று கற்பித்தவரின் ஆலயத்தில், ஒரு பிள்ளை தன் தாயைப் பார்க்க வெட்கப்படும்படி நாம் உதவி செய்யலாகாது.

பிப்ரவரி 26, வியாழன்

இதே எண்ணத்தோடு 2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்துக்கு வந்தேன். முந்தைய ராஜாவான சவுலின் பேரன் மேவிபோசேத், இரு கால்களும் முடமானவன், ராஜாவாகிய தாவீதின் முன் முகங்குப்புற விழுந்து, தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டுப் பேசுகிறான். தாவீது முதலில் சொல்வது பயப்படாதே என்பதைத்தான். பின்பு சவுலின் நிலங்களைத் திருப்பிக் கொடுத்து, ராஜகுமாரரில் ஒருவனைப்போலத் தன் பந்தியில் சாப்பிடும்படி செய்கிறான். தானியத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தாலும் அவன் பசி ஆறியிருக்கும். மேசையில் இடம் கொடுத்ததால் அவன் நாய் என்ற எண்ணத்திலிருந்தும் விடுபட வழி பிறந்தது.

நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள செசரியாவின் பேராயராக இருந்த பசிலியார், நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பெரிய இல்லம் ஒன்றை அமைத்தார். அவர் தொழுநோயாளிகளைச் சகோதரராக எண்ணி முத்தமிட்டு வரவேற்கத் தயங்கவில்லை என்று, அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் தம் இரங்கலுரையில் நினைவுகூர்கிறார். ஊரே விலக்கிவைத்தவர்களுக்கு மருந்தைப் போலவே அந்த முத்தமும் தேவைப்பட்டிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

ஆலயக் கமிட்டியில் உதவி வழங்கும் முறையைப் பற்றிப் பேசினேன். கணக்கு வெளிப்படையாக இல்லாவிட்டால் காணிக்கை கொடுப்பவர்களின் நம்பிக்கை குலையும் என்று மூத்தவர் ஒருவர் சொன்னது நியாயமானது. ஆதித் திருச்சபையின் அன்றாட உதவிப் பகிர்வில் சில விதவைகள் விடுபட்டதால் முறுமுறுப்பு எழுந்ததையும், அதை ஒழுங்குபடுத்த ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டதையும் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. ஒழுங்கும் தயவின் பகுதியே. ஆகையால் பெயர்ப் பட்டியல் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், இருவர் அதைச் சரிபார்ப்பார்கள், ஒலிபெருக்கியிலும் புகைப்படத்திலும் வராது என்று முடிவாயிற்று. வாரநாளில் ஆலய அறையில் பொருட்களை அடுக்கிவைத்து, வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு சகோதரி சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தை இல்லாத வீட்டுக்குப் பால்மாவும், சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையும் போய்ச் சேர்வதும் அதனால் நிற்கும்.

மார்ச் 7, சனி

முதல் முறையாக அப்படியே செய்தோம். முதிய பெண்மணி ஒருவர், தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகும் போகாமல் நின்று, “ஐயா, இந்த மூட்டையைப் பிரித்துக் கட்ட ஆள் வேண்டுமா?” என்று கேட்டார். நாற்காலி போட்டுக் கொடுத்தோம். விரல்கள் சற்று நடுங்கினாலும் அவர் போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. பக்கத்திலிருந்த இளைஞர்களுக்கு எப்படிக் கட்டுவது என்றும் காட்டிக் கொடுத்தார். கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபையார், பரிசுத்தவான்களான மற்ற விசுவாசிகளுக்குச் செய்யும் உதவியில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மன்றாடிக் கேட்டதாகப் பவுல் எழுதுகிறாரே, அதை இன்று நேரில் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை பொருட்களைப் பிரித்துக் கட்டும் பொறுப்பை அவரிடமே கொடுத்திருக்கிறோம். நடக்க முடியாத சிலரின் வீடுகளுக்கு யார் போவது என்பது இன்னும் முடிவாகவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பின் அதைப் பேச வேண்டும்.