எந்த மேடையிலும் அடங்காத மேடை நடனங்கள்

நாடகக் கொட்டகையின் திரைக்குப் பின்னால் நிகழும் கதைகளை 1930களின் ஹாலிவுட் விரும்பி எடுத்ததற்கு வசதியான ஒரு காரணம் உண்டு. கதைமாந்தர்களே நடனக்காரர்கள் என்றால், அவர்கள் ஏன் ஆடிப் பாடுகிறார்கள் என்று எவரும் கேட்கப்போவதில்லை. (தோட்டத்தில் நின்றபடியே பாடத் தொடங்கிவிடும் நம் நாயக நாயகியருக்கு அந்தக் கவலை என்றுமே இருந்ததில்லை.) 1933இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' படத்தில் முதன்மை நடிகையின் கணுக்கால் முறிய, குழுவில் ஆடிய புதிய பெண் அவருக்குப் பதிலாக மேடையேறுகிறாள். கதை அவ்வளவுதான்.

அப்படத்தின் நடனங்களை அமைத்த பஸ்பி பெர்க்லி, முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவ அணிவகுப்புகளை வடிவமைத்தவர். கால்களின் நுணுக்கத்தைவிட வரிசைகளின் ஒழுங்கே அவருக்குப் பெரிதாக இருந்தது. கேமராவை உச்சிக்கு ஏற்றி, கீழே வட்டமாக அமர்ந்த பெண்களை விரிந்து குவியும் பூவாக அவர் காட்டும்போது, கொட்டகையில் சீட்டு வாங்கி அமர்ந்தவர் எவரும் அதைப் பார்த்திருக்கவே முடியாது. 'ஃபுட்லைட் பரேட்' படத்தில் அருவியும் நீச்சல் குளமுமே மேடை நிகழ்ச்சியாக வருகின்றன. இந்தப் பச்சைப் பொய்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

அத்தகைய பொய்க்குச் சொந்தப் படப்பிடிப்புத் தளமும், மாதச் சம்பளத்தில் கலைஞர்களும், தச்சர்களும், தையற்காரர்களும் ஒரே வளாகத்தில் வேண்டும். ஏற்காடு சாலையில் எஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் வளைவைப் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அதை நிறுவிய டி. ஆர். சுந்தரம் படத்தயாரிப்பை ஓர் ஆலையைப் போலவே நடத்தியவர். ஆயினும் தமிழில் பெர்க்லிக்கு ஈடான பிரம்மாண்டம் சென்னையில், ஜெமினி ஸ்டுடியோவின் 'சந்திரலேகா'வில் (1948) தான் வந்தது. அதன் முரசு நடனத்தில் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டுப் போரிடுகிறார்கள். நடனமே கதையை முடிக்கும் அந்த உத்தியில் படத்தை இயக்கிய எஸ். எஸ். வாசன் பெர்க்லியை விஞ்சிவிட்டார் என்பது என் கருத்து.

பெர்க்லியின் நடனங்களுள் எனக்கு விதிவிலக்காகத் தோன்றுவது 'கோல்டு டிக்கர்ஸ் ஆஃப் 1933' படத்தின் இறுதிக் காட்சி. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் கடுமையான ஆண்டில் வெளிவந்த அப்படம், நாணயங்களை உடுத்திய பெண்கள் பணத்தைப் போற்றிப் பாடும் ஒத்திகையோடு தொடங்குகிறது. கடன் வசூலிக்க வந்தவர்கள் அதை நிறுத்திவிடுகிறார்கள். முடிவில் வரும் பாட்டிலோ, போருக்கு அணிவகுத்துச் சென்ற வீரர்கள் காயங்களோடு திரும்பி, உணவுக்காக வரிசையில் நிற்கிறார்கள். காதலர்கள் என்ன ஆனார்கள் என்று காட்டக்கூடத் திரும்பாமல், படம் அந்தப் பாட்டோடு முடிந்துவிடுகிறது.