மழைக்கு முன் புல்தரை வேலை: செம்மண் லோடில் வந்த கோரை

சென்னையில் ஐப்பசி பிறந்துவிட்டால் தோட்டத்தில் கை வைக்க முடியாது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் புரட்டாசியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவது வழக்கம். முருங்கையைக் கழித்தாயிற்று, தென்னையில் காய்ந்த மட்டையும் நெற்றும் இறக்கியாயிற்று, தொட்டிகளில் அடைத்துக்கொண்ட அடி ஓட்டையைக் குத்திவிட்டாயிற்று. மாட்டிக்கொண்டது புல்தரையில்தான்.

போன மழையில் கொரியன் புல்லின் நடுவே தண்ணீர் தேங்கி, ஒரு பாய் அளவுக்கு அழுகிவிட்டது. அந்த இடத்தை மேடாக்கி வடிகால் பக்கம் சரிவு கொடுக்க ஒரு லோடு செம்மண் சொன்னேன். "ஏரி மண்ணு கலக்கவே மாட்டோம் சார்" என்றார் நர்சரிக்காரர். வந்த லோடு மேலே நல்ல சிவப்பு. உள்ளே கறுப்புக் கட்டியும் ஓட்டுத் துண்டும். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது. பரப்பித் தண்ணீர் காட்டியதுதான் தாமதம், கோரை கிளம்பியது.

போன் செய்தால், "கோரை காத்துல வர்றது சார்" என்கிறார். காற்றில் வந்ததற்கு மண்ணுக்குள் கறுத்த கிழங்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

தோட்டக்கார அண்ணன் கையால் பிடுங்கப் போனார், தடுத்தேன். மேலாகப் பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி துளிர்க்கும். புல் இல்லாத இடத்தில் கொத்தி, கிழங்கோடு பொறுக்குவதுதான் வழி. புல்லுக்குள் வந்ததற்கு மருந்து கேட்டால் கடையில் கிளைபோசேட்டை நீட்டினார்கள். அது கோரையோடு புல்லையும் சேர்த்துக் கருக்கிவிடும். தவிர, பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே அதை அடிக்கலாம் என்று 2022-இல் மத்திய அரசு ஆணையே போட்டிருக்கிறது. கரும்பில் கோரைக்கு அடிக்கும் ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கொரியன் புல் அதைத் தாங்கும். அடித்த மறுநாளே காயவில்லையே என்று பதறாதீர்கள், மஞ்சளாகிச் சாய வாரக்கணக்கில் ஆகும். ஆனால் அடித்த கையோடு மழை வந்தால் காசு தண்டம். எனக்கு வானம் வெளிவாங்கியிருந்தது, பிழைத்தேன்.

இதே சமயத்தில் யூரியா போடச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம், பெரிய மழையில் அத்தனையும் கரைந்து தெருக் கால்வாய்க்குப் போய்விடும்.

மண் வாங்குவதானால் முதலில் ஒரு வாளி கேட்டு வாங்கி, நனைத்து, வெயில் படும் இடத்தில் வைத்துப் பாருங்கள். கிழங்கு இருந்தால் சில நாளில் முளை காட்டிக்கொடுத்துவிடும். பணத்தை லோடு இறங்கி, கிளறிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

முதல் கனமழையில் தண்ணீர் நிற்காமல் வடிந்தது. ஓரத்தில் இன்னும் நாலைந்து கோரை தலைகாட்டுகிறது, பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர்தான் பாவம், அதே நர்சரியில் லோடு சொல்லியிருந்தார். வாளி யோசனையைச் சொன்னேன், வைத்துப் பார்த்தார், பச்சையாக முளைத்து நிற்கிறது. லோடை நிறுத்திவிட்டார். கொடுத்த அட்வான்ஸ் மட்டும் இன்னும் வரவில்லை.