பூனையைத் தின்ற மீன்

பாம்பனில் இன்று மாலை அம்மா சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். திண்ணையில் பூனை. எதிரே நான், பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தோடு.

'பூனை மீனைத் தின்கிறது', 'மீனைப் பூனை தின்கிறது': தமிழில் எப்படிப் புரட்டினாலும் தின்பது பூனைதான். 'ஐ' உருபு மீனோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது. பிரெஞ்சுப் பெயர்ச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. நிற்கும் இடம்தான் எல்லாம். 'லு ஷா மான்ஜ் லு புவாசோன்' (பூனை, தின்கிறது, மீன்) என்று எழுத வேண்டியதை நான் மாற்றி எழுதினேன். மீன் பூனையைத் தின்றுவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "சுறாவாக இருந்தால் தின்னும்" என்றார், தலை நிமிராமல்.

வேடிக்கை இதற்கப்புறம்தான். மீனைப் பெயர் சொல்லாமல் 'அதை' என்றால், 'லு ஷா லு மான்ஜ்': பூனை, அதை, தின்கிறது. வினை கடைசிக்குப் போய்விட்டது, அப்படியே நம் வரிசை! இவ்வளவு நாள் என்ன அடம் பிடித்தது.

பெயரடைகள் மீதுதான் இன்னும் கோபம். நீல வள்ளம் என்றால் நிறம் வள்ளத்துக்குப் பின்னால். சின்ன வள்ளம் என்றால் 'சின்ன' முன்னால். 'போவ்ர்' என்ற சொல் மனிதனுக்குப் பின்னால் நின்றால் அவன் ஏழை. முன்னால் நின்றால் பாவப்பட்டவன், கையில் காசு இருந்தாலும்.

இதற்குள் பூனை ஒரு சூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.