பர்ன்ஸ் வார்டில் அம்மாவுடன் 38 நாள்

அடுப்படியில் புடவைத் தலைப்பில் தீப்பிடித்து அம்மாவுக்கு வலது கையும் மார்பும் வெந்துவிட்டன. பக்கத்து வீட்டு அக்கா தீயை அணைத்த கையோடு, பற்பசை, இங்க் எதையும் யாரையும் தடவவிடாமல், குழாயடியில் உட்காரவைத்து 20 நிமிடம் தண்ணீர் விட்டார். அந்த நன்றியை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேனோ!

கை முழுதும் 9, மார்பு 9, ஆக உடம்புத் தோலில் 18 சதவீதம் வெந்திருக்கிறது என்று டாக்டர் கணக்குச் சொன்னார். மூன்றாம் நாள், "முதல் கண்டம் தாண்டியாச்சு. இனிமே கிருமி தொத்தாமப் பார்க்கணும். அதுல பாதி உங்க கையிலதான் இருக்கு" என்றார்.

நிஜமாகவே கையில்தான் இருந்தது. வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றியாயிற்று. விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் விடாமல் சோப்புப் போட்டுக் கழுவ முக்கால் நிமிடமாவது ஆகும். ஒருநாள் கழுவிவிட்டு நுழையும்போது போன் அடித்தது. பேசி முடித்து அம்மாவின் தலையணையைத் தொடப் போனேன். "அந்தக் கையோட தொடாதீங்கம்மா, திரும்பப் போய்க் கழுவிட்டு வாங்க" என்று சிஸ்டர் தடுத்தார். அதோடு போன் வார்டுக்கு வெளியே தங்கிவிட்டது.

ஒன்பதாம் நாள் டிரஸ்ஸிங் பிரித்தபோது காஸ் துணியில் இலைப்பச்சையாக ஒரு கறை, பழுத்த பழம் போல ஒரு வாடை. சிஸ்டர் முகம் மாறியது. புண்ணைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து (ஸ்வாப்), அதில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். சூடோமோனாஸ் என்ற கிருமி என்று வந்தது. ஈரம் தேங்கும் இடம்தான் அதற்குச் சொந்த வீடு: கை கழுவும் தொட்டி, பூ ஜாடி, ஈரத்துணி. கட்டிலுக்கடியில் நான் மடித்து வைத்திருந்த ஈரத்துண்டை அன்றே அப்புறப்படுத்தினார்கள். அதனால்தான் வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிரவு நான் தூங்கவில்லை.

"முதல்லயே பெரிய ஆன்டிபயாட்டிக் போட்டிருக்கலாமே டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். கிருமி இல்லாதபோதே போட்டால், மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும் என்றார். அதோடு, வெந்து செத்த தோலுக்குள் ரத்தம் ஓடாது, ஊசி மருந்தும் அங்கே போய்ச் சேராது. அதனால்தான் செத்த தோலை எடுப்பதும், மேலே சில்வர் களிம்பு பூசுவதும். இப்போது கல்ச்சரில் எந்த மருந்து கேட்கும் என்று பார்த்து அதைப் போட்டார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது சொந்தக்காரர்களை வாசலில் நிறுத்துவதுதான். ஊரிலிருந்து பஸ் பிடித்துப் பெரியம்மா வந்திருந்தார், கையில் கோயில் திருநீறும் மல்லிகைச் சரமும். "ஒரு தடவை நெத்தியில வெச்சிட்டு வந்துடறேன்டி" என்று கெஞ்சினார். அவருக்குச் சளி வேறு. "வேண்டாம் பெரியம்மா" என்று சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, திருநீற்றை என் முந்தானையில் முடிந்துவிட்டுப் போனார். அது அப்படியே பைக்குப் போனது, வார்டுக்குள் போகவில்லை.

தினமும் முட்டை, பருப்பு, தயிர் என்று ஊட்டினேன். புண் ஆறப் புரதம் நிறைய வேண்டும் என்றார்கள். பச்சைக் கறை அடங்கிய பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஐந்தாம் நாள் கட்டைப் பிரிக்கும்போது நான் முதலில் மூக்கால்தான் பார்த்தேன். வாடை இல்லை. அப்புறம்தான் கண்ணைத் திறந்தேன். ஒட்டிய தோல் இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது.




வீட்டுக்கு வந்த அன்று பெரியம்மா முதல் ஆளாக வந்தார். நேராகப் பின்கட்டுக்குப் போய், சோப்பு எங்கே என்று கேட்டார்.