நான்கு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை

மூச்சுக் கருவிகளை வீடுகளில் கொண்டுபோய்ப் பொருத்துவதும், முகத்துக்கு ஏற்ற மாஸ்க் பார்த்துக் கொடுப்பதும், மாதம் ஒருமுறை போய்ச் சரிபார்ப்பதும் என் வேலை. வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் எல்லாம் என் பகுதி. இங்குள்ள சந்துகளில் கார் நுழையாது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுத்து மூச்சுக்குத் துணை செய்யும் பைபாப் மெஷினை ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டுதான் போவேன்.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். ஏ.எல்.எஸ். வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய் அது. மோட்டார் நியூரான் நோய் என்று டாக்டர் சொன்னபோது, "மோட்டாரா? அது என் தொழிலாயிற்றே" என்றாராம். அப்போது பேச்சு இருந்தது. நான் போனபோது எழுத்துப் பலகைதான். அவர் மனைவி விரலை எழுத்துகளின் மேல் நகர்த்துவார், வேண்டிய இடம் வந்ததும் அவர் கண்ணை மூடித் திறப்பார். புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்க முடியாது என்று அவற்றை அவரே தள்ளுபடி செய்திருந்தார்.

மெஷின் வைத்த பத்தாம் நாள் காலை ஆறு மணிக்கு அந்த அக்கா போன் செய்தார். "தம்பி, வாயெல்லாம் காய்ந்து கிடக்கிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தொண்டையில் கோழை பசை மாதிரி நின்றுகொண்டு வரவே மாட்டேன் என்கிறது. காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்."

காற்றழுத்தத்தை நான் குறைக்க முடியாது, அது டாக்டர் எழுதிக் கொடுப்பது. ஆனால் எங்கே கசிகிறது என்று பார்க்கலாம். மெஷினின் பதிவில் இரவு முழுவதும் கசிவு தெரிந்தது. அவருக்குக் கொடுத்திருந்தது மூக்கு மாஸ்க். தூக்கத்தில் தாடை தொங்கி வாய் திறந்துகொள்கிறது. மூக்கு வழியாக ஏறும் காற்று வாய் வழியாக ஓடிவிடுகிறது. சாதாரணமாக நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள ஈரத்தில் ஒரு பங்கை மூக்கு பிடித்து வைத்து அடுத்த மூச்சுக்குக் கொடுக்கும். காற்று ஒருவழிப் பாதையாகப் போனால் மூக்குக்கு அந்த வரவு கிடையாது, செலவு மட்டும்தான். டாக்டரிடம் கேட்டு, வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாற்றினேன். கை தூக்க முடியாதவருக்கு அது ஆபத்தும்கூட. வாந்தி வந்தால் தானாகக் கழற்ற முடியாது. அக்கா தன் பாயைக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

அதோடு நின்றிருக்கலாம். காய்ச்சல் என்றால் எப்படியும் மாத்திரை என்பதுபோல, வறட்சி என்றால் ஈரம் என்று, தண்ணீரைச் சுடவைத்துக் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையரை உச்சத்தில் வைத்துவிட்டு வந்தேன். பழைய ஏ.சி. ஓடும் அறை அது. சூடான நீராவி குளிர்ந்த குழாய்க்குள் தண்ணீராக மாறி, இரவு இரண்டு மணிக்கு அவர் முகத்தில் கொட்டியது. கத்தவும் முடியாத மனிதர். மறுநாள் பலகையில் எனக்காகச் சொன்ன சொல்: "கசவ." கசிவு என்று அர்த்தம். கடலில் போகிறவர்கள் திட்டும் திட்டுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை. மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்ந்த ஸ்டூலில் வைத்து, குழாயில் பழைய துண்டைச் சுற்றி, ஈரத்தை இரண்டு படி குறைத்தேன். ஏ.சி. காற்று குழாய்மேல் படாதபடி கட்டிலையும் திருப்பினோம்.

ஹ்யூமிடிஃபையர் தண்ணீரைப் பற்றி வடசென்னையில் தனியாகவே ஒரு வகுப்பு எடுக்கலாம். போர் தண்ணீர் ஊற்றினால் சில நாட்களிலேயே அடித்தட்டில் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. கேன் தண்ணீரிலும் உப்பு உண்டு. இன்வெர்ட்டர் கடையில் பேட்டரிக்கு விற்கும் தண்ணீரை வாங்கி ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மூச்சுக்காகத் தயாரித்ததல்ல. மருந்துக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, தினமும் மிச்சத்தைக் கொட்டிப் புதிதாக ஊற்ற வேண்டும். ஒரு வீட்டில் சளி இளகட்டும் என்று அதில் நீலகிரித் தைலத்தைச் சொட்டு விட்டிருந்தார்கள். அறை முழுக்க மணத்தது. அந்த ஆவி நேராக நுரையீரலுக்குப் போகிறது என்று சொல்லி நிறுத்தவைத்தேன். காய்ந்த மூக்கில் தேங்காய் எண்ணெய் தடவுவதும் அப்படித்தான், எண்ணெய் உள்ளே இறங்கினால் நுரையீரல் கெடும். சலைன் ஸ்பிரே போதும்.

இவ்வளவும் செய்தும் கோழை இளகவில்லை. அடுத்து மருந்துச் சீட்டைப் பார்த்தோம். அவருக்கு எச்சில் வழிவதற்கென்று உலர்த்தும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மனிதனுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்கூட எச்சில் ஊறும். தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். இந்த நோயில் எச்சில் கூடுவதில்லை, விழுங்குவதுதான் நின்றுபோகிறது. அதனால் வாயோரம் வழிகிறது. வழிவதை உலர்த்தினால் தொண்டையில் இருப்பது கெட்டியாகிவிடும். வாயோரத்தில் தண்ணீர், தொண்டையில் பசை, இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில். டாக்டர் அளவைக் குறைத்தார், நெபுலைசரில் சலைன் எழுதினார். இருமலுக்குப் பலம் இல்லாததால் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தும் ஆம்பு பையால் மூன்று மூச்சை அடுக்கி ஏற்றி, வயிற்றை அழுத்தி இருமவைக்கப் பிசியோதெரபிஸ்ட் வந்து கற்றுக்கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னால்தான், வயிறு நிறைந்திருக்கும்போது கூடாது. சக்ஷன் மெஷின் வாயிலும் தொண்டையிலும் இருப்பதைத்தான் எடுக்கும். அதற்குக் கீழே இருப்பதை இருமல்தான் மேலே கொண்டுவர வேண்டும். இருமலின் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனாலே கைத்துணை வேண்டும் என்பது கணக்கு. அவருக்கு அதில் பாதிகூட இல்லை.

ஒருநாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டி, மாலை ஐந்தரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அக்கா எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அவருக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்றேன். தண்ணீரைப் பொடி கலந்து கெட்டியாக்கிக் கொடுத்தால் அப்போது அவரால் மெல்ல விழுங்க முடிந்தது.

"நான்கு மணிக்கு மேல் குடிக்க மாட்டார் தம்பி."

ஏன் என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லாமல் வாசல் பக்கம் பார்த்தார். கழிப்பறை கீழே, நான்கு குடித்தனத்துக்கும் பொது. குறுகலான படி. அவரை இறக்க இரண்டு பேர் வேண்டும். மகன் துறைமுகப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு வேலை, ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவான். ஆகவே அவர், கரை திரும்பும்வரை டீசலைக் கணக்குப் பார்ப்பதுபோல, தன் தண்ணீரை நான்கு மணியோடு நிறுத்திக்கொண்டிருந்தார். பகலிலும் தாகத்துக்குக் குடிக்கவில்லை, பயந்து பயந்துதான் குடித்தார். இரண்டு மாதமாக நான் மாஸ்க்கையும் குழாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். படியை ஏறி இறங்கியதோடு சரி.

கட்டிலிலேயே சிறுநீர் கழிக்கும் கேன் இருநூறு ரூபாய்கூட இல்லை. விலையைவிட வெட்கம் பெரியது. மனைவியிடம் முடியாது என்று பலகையில் சொல்லி, இரண்டு நாள் அடம்பிடித்தார். மகன் விடுமுறை எடுத்து உட்கார்ந்து, முதல் தடவை தானே பிடித்தான். அதன்பிறகு இரவிலும் தண்ணீர் குடித்தார். எட்டு மாதம் கழித்து வயிற்றில் குழாய் வைத்தபோது அக்கா அளவுக் குவளையால் ஊற்றி நோட்டில் குறித்து வைத்தார். கேன் வந்து தண்ணீர் கூடிய அந்த முதல் வாரத்திலேயே சக்ஷன் பாட்டிலில் நூல்நூலாகத் தொங்கியது தளர்ந்தது. சளி அடியோடு போகவில்லை. சக்ஷன் குழாயில் வரத் தொடங்கியது, அவ்வளவுதான். இரவில் அக்கா மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினார்.

இப்போது மெஷின் பொருத்தப் போகும் வீடுகளில் பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்பதற்கு முன்பே கழிப்பறை எங்கே என்று கேட்கிறேன். போன மாதம் வியாசர்பாடியில் ஒரு வீட்டில் அப்படிக் கேட்டதும் எல்லோரும் பரபரப்பானார்கள். பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும் வீடு. லாரி வந்து இரண்டு நாளாயிற்று என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், எனக்காக ஒரு முழுக் குடத்தைக் கவிழ்த்து வாளி நிறைய ஊற்றி வைத்து, "போய்விட்டு வாருங்கள் சார், நாங்கள் காத்திருக்கிறோம்" என்றார்கள்.