தம்பி கையெழுத்துப் போட்ட கடை ஒப்பந்தம்

பரந்தன் சந்திக்குக் கிட்டத் தம்பிக்கு ஒரு சின்னக் கடை எடுக்க வேண்டியிருந்தது. தண்ணீர்ப் பம்பு திருத்துவதில் அவன் கெட்டிக்காரன். சிறுபோகம் தொடங்கிவிட்டால் எங்கள் முற்றம் முழுக்கப் பம்புகள்தான். வயது 26. ஓட்டிசம் உள்ளவன், கதை குறைவு.

கடைச் சொந்தக்காரருக்கு அவனுடைய வேலை பிடிக்கும். ஆனாலும், "ஒப்பந்தத்தை உன்ர பெயரில எழுதுவம் பிள்ளை. நாளைக்குக் கோடு வழக்கு என்று வந்தால் அவன்ர கையெழுத்துச் செல்லாது எண்டு சொல்லிப் போடுவாங்கள்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் நினைப்பதைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு ஆலோசனை. அவனுக்காக நான் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோனித் தத்துவத்தை எழுதி வாங்கு என்றார் ஒருவர். நீதிமன்றத்தில் கேட்டு நீயே அவனுக்குப் பொறுப்பாளராகு என்றார் இன்னொருவர். கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியிடம் போனபோது இரண்டையும் அவர் ஒதுக்கிவிட்டார். அற்றோனித் தத்துவத்தைத் தருபவருக்கே தான் எதில் கையெழுத்து வைக்கிறேன் என்று விளங்க வேண்டும். அது தம்பிக்கு விளங்குமென்றால் கடை ஒப்பந்தமும் விளங்கும்தானே! மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனாலோ, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி அவனைச் சித்தசுவாதீனம் இல்லாதவன் என்று விசாரித்துத் தீர்க்க வேண்டும். ஒரு கடை வாடகைக்காக அந்தப் பெயரை அவன் தலையில் கட்ட எனக்கு மனமில்லை.

18 வயது தாண்டியவருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி உண்டு என்றுதான் சட்டம் தொடங்குகிறது. இல்லை என்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். ஒப்பந்த விடயத்தில் நமக்குள்ளது ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம். அது பார்ப்பது, கையெழுத்து வைக்கும் நேரத்தில் அந்த ஆளுக்கு விடயம் விளங்கியதா என்பதை. கிளினிக் கொப்பியில் ஓட்டிசம் என்று எழுதியிருப்பது மட்டும் எதையும் தீர்மானிக்காது. (என் பெயரில் உள்ள காணியை நான் விற்கப் போனால், வடக்குத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவள் என்பதால் கணவரின் எழுத்துச் சம்மதம் கேட்பார்கள். அப்படிப்பட்ட என்னைத்தான் தம்பிக்காகக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள்.)

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி உறுதி எழுதும் நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். எங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. ஒப்பந்தத்தின் வரைவை முன்கூட்டியே வாங்கி வந்து, ஒவ்வொரு வாசகத்தையும் சின்னச் சின்ன வசனமாக எழுதித் தம்பியிடம் கொடுத்தேன். அதை அவன் தன் ஸ்பானர் பெட்டியிலேயே வைத்துக்கொண்டான்.

கையெழுத்து நாளில் ஆட்கள் வர முதல், காலையிலேயே நேரம் கேட்டிருந்தோம். நொத்தாரிசு வாசித்துவிட்டு, "விளங்கினதா?" என்று கேட்டார். "விளங்கினதா" என்றான் தம்பி. திரும்பவும் கேட்டார், திரும்பவும் அதே பதில். சாட்சிக்கு வந்தவர் என்னைப் பார்த்தார். கேள்வியின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வது அவனுடைய வழக்கம், ஓம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள் அவனுக்குச் சரிவராது என்று சொன்னேன். நொத்தாரிசு யோசித்துவிட்டு, "வாடகை எப்ப குடுப்பீர்?" என்று கேட்டார். தம்பி போனை எடுத்து எழுதிக் காட்டினான்: "5ஆம் திகதிக்கு முதல். வங்கி பூட்டு என்றால்?" அது வரைவில் இல்லை. சொந்தக்காரரும் கொஞ்சம் யோசித்து, அடுத்த வேலை நாளில் தரலாம் என்றார். அதையும் சேர்த்து எழுதினார்கள். முற்பணம், விலகும்போது கொடுக்கும் முன்னறிவித்தல் பற்றியும் நொத்தாரிசு இப்படியே கேட்டு, பதில்களைத் தன் குறிப்பில் பதிந்துகொண்டார். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட அது இருக்கும்.

இன்னும் முடியாதது வங்கிக் கணக்குத்தான். நானும் சேர்ந்து கூட்டுக் கணக்காகத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றக் கட்டளை வேண்டும் என்கிறார்கள். இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, பண விவகாரங்களைத் தானே கையாளும் உரிமையைச் சொல்கிறது. உள்நாட்டுச் சட்டம் போல அதை வைத்து நேரே வழக்காட முடியாது, ஆனால் கடிதத்தில் எழுதலாம் என்றார் சட்டத்தரணி. ஒப்பந்தப் பிரதியையும் இணைத்துக் கொடுத்திருக்கிறோம். மனேஜர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறாராம். அதுவரை தம்பி வாடகையைக் காசாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குகிறான்.